கிம் காலின்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த கிம் காலின்ஸ்?

கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் என்ற குட்டி நாட்டின் ஓட்டக்காரர். 1976 ஏப்ரல் 5-ல் பிறந்தவர். 2003-ல் பாரிஸில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வென்றார். 40 வயதைத் தாண்டிய பிறகு 100 மீட்டரைப் பத்து விநாடிக்குள் ஓடிய முதல் மனிதரும் அவர்தான். 2018-ல் ஓய்வு பெற்றார்.

அவர் எத்தனை காலம் ஓடினார் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் காலின்ஸ் ஓடியபோது உசைன் போல்ட்டுக்கு வயது ஒன்பது. அந்த போல்ட் வளர்ந்து, உலக சாதனைகளை எல்லாம் உடைத்து, 2017-ல் ஓய்வும் பெற்றுவிட்டார். காலின்ஸ் அப்போதும் ஓய்வு பெறவில்லை.

செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் எங்கே இருக்கிறது? அது தனி நாடா?

தனி நாடுதான். 1983 செப்டம்பர் 19-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. இரண்டு தீவுகள், மொத்தம் 261 சதுர கிலோமீட்டர், ஐம்பதாயிரத்தைத் தொடாத மக்கள்தொகை. பரப்பளவிலும் மக்கள்தொகையிலும் அமெரிக்கக் கண்டங்களிலேயே மிகச் சிறிய நாடு இதுதான். தலைநகர் பாஸ்டேர்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்த ஊர் ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2007 உலகக் கோப்பையில் ஹெர்ஷல் கிப்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்த வார்னர் பார்க் மைதானம் பாஸ்டேரில்தான் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் இந்திய அணி அங்கே டி20 ஆடப் போனபோது வீரர்களின் பெட்டிகள் நேரத்துக்கு வந்து சேராமல் ஆட்டம் தாமதமானது ஞாபகம் இருக்கலாம். அதே ஊர்.

தீவில் கிரிக்கெட்தான் ராஜா. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் ஓட்டத்துக்கு வந்து உலக சாம்பியன் ஆனார்.

அவருடைய ஆரம்பம் எப்படி?

பெரிய குடும்பம், பதினொரு பிள்ளைகள். இவர் ஆறாவது. செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பியதே 1996-ல்தான். அந்த முதல் அணியிலேயே இருபது வயது காலின்ஸ் இருந்தார். 100 மீட்டரில் இரண்டாம் சுற்றோடு வெளியேறினார்.

அப்புறம் அமெரிக்கா. டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டே ஓடினார். கரீபியன் தீவுகளின் ஓட்டக்காரர்கள் பலருக்கும் வழக்கமான பாதை இது. ஊரில் நல்ல பயிற்சி வசதி குறைவு, போட்டிகளும் குறைவு. அமெரிக்கக் கல்லூரி கொடுக்கும் விளையாட்டு உதவித்தொகைதான் ஏணி.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதிக்குப் போய் ஏழாவது வந்தார், நேரம் 10.17. மற்ற நாட்டுப் பத்திரிகைகளில் ஏழாவது இடம் ஒரு வரிச் செய்தி. அவர் நாட்டுக்கோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஒருவர் நிற்பதே அதுதான் முதல் தடவை.

முதல் பெரிய பதக்கம் எப்போது?

2001, கனடாவின் எட்மன்டன், உலகத் தடகளப் போட்டி, 200 மீட்டர். கிரீஸ் வீரர் கென்டரிஸ் தங்கம் வென்றார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் 20.20 என்ற ஒரே நேரத்தில் கோட்டைக் கடந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஜமைக்காவின் கிறிஸ்டோபர் வில்லியம்ஸுக்கு வெள்ளி. காலின்ஸையும் அமெரிக்காவின் ஷான் கிராஃபர்டையும் பிரிக்கவே முடியவில்லை, இரண்டு பேருக்கும் வெண்கலம். உலகத் தடகளத்தில் அவர் நாட்டின் முதல் பதக்கம் இப்படிப் பங்கு போட்டு வந்தது.

அடுத்த ஆண்டு மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 100 மீட்டர் தங்கம், நேரம் 9.98. இங்கிலாந்து ரசிகர்கள் தங்கள் வீரர்கள் டுவெய்ன் சேம்பர்ஸ், மார்க் லூயிஸ்-ஃபிரான்சிஸ் இருவரில் ஒருவர் வெல்வார் என்று அரங்கை நிறைத்திருந்தார்கள். இரண்டு பேருமே ஓட்டத்தின் நடுவில் காயத்தால் தடுமாறி நின்றுவிட்டார்கள்.

அந்தப் போட்டியில் ஊக்கமருந்தில் சிக்கினார் என்கிறார்களே?

பாதி உண்மை. சோதனையில் சால்பியூடமால் தென்பட்டது. ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரில் உறிஞ்சும் அதே மருந்து. காலின்ஸுக்கு ஆஸ்துமா உண்டு. அதற்காக அந்த மருந்தை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். இவர் அதைச் செய்யவில்லை. விசாரித்துவிட்டு, படிவத்தில் நேர்ந்த தவறு என்று முடிவு செய்து தங்கத்தை அவரிடமே விட்டுவிட்டார்கள். தடையும் கிடையாது.

இருபது வருடத்துக்கு மேல் ஓடியவரின் கணக்கில் இருக்கும் ஒரே புகார் இதுதான். அவரோடு ஓடியவர்களின் கணக்கைப் பார்த்தால் இது எவ்வளவு சின்ன விஷயம் என்று புரியும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பாரிஸ் 2003-ல் உண்மையில் என்ன நடந்தது?

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை இது.

அந்த ஆண்டுதான் ஃபால்ஸ் ஸ்டார்ட் விதியை மாற்றியிருந்தார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே யாராவது கிளம்பினால், முதல் முறை எல்லோருக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை. இரண்டாவது முறை யார் செய்தாலும், முதல் தவறு அவருடையதாக இல்லாவிட்டாலும், வெளியே. ஸ்டார்ட்டிங் பிளாக்கில் காலின் அழுத்தத்தை அளக்கும் கருவி இருக்கும். சத்தம் கேட்டு 0.100 விநாடிக்குள் கால் அழுத்தினால் அது ஃபால்ஸ் ஸ்டார்ட் கணக்கு.

காலிறுதியில் அமெரிக்காவின் ஜான் டிரம்மண்டும் ஜமைக்காவின் அசஃபா பவலும் இதில் மாட்டினார்கள். டிரம்மண்டின் அளவு 0.052. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் அசையவே இல்லை என்று சொல்லிக்கொண்டு லேனிலேயே மல்லாந்து படுத்துவிட்டார். போட்டி நெடுநேரம் நின்றுபோனது. தடகள வரலாற்றில் அதிகம் ஒளிபரப்பான காட்சிகளில் அதுவும் ஒன்று, பாரிஸ் 2003 என்றால் பலருக்கு இன்றும் அதுதான் ஞாபகம் வரும்.

மறுநாள் ஆகஸ்ட் 25. மூன்று முறை உலக சாம்பியனான மாரிஸ் கிரீன் காயத்தோடு அரையிறுதியிலேயே காலி. இறுதியில் அப்போதைய உலக சாதனையாளர் டிம் மான்ட்கோமரி, பிரிட்டனின் சேம்பர்ஸ், டேரன் கேம்ப்பெல், அதே போட்டியில் 10.01 ஓடி ஜூனியர் உலக சாதனை படைத்த டிரினிடாட் இளைஞன் டேரல் பிரவுன். காலின்ஸுக்குக் கிடைத்தது ஓரத்து லேன், ஒன்றாம் எண். அரையிறுதியில் நன்றாக ஓடியவர்களுக்குத்தான் நடு லேன் கொடுப்பார்கள். ஒன்றில் நிறுத்தப்பட்டவரை யாரும் கண்டுகொள்வதில்லை.

துப்பாக்கி வெடித்தது. காலின்ஸ் நன்றாகக் கிளம்பினார். கடைசி இருபது மீட்டரில் நான்கு பேர் ஒரே வரிசையில் வந்தார்கள். கோட்டில் அவர் நெஞ்சைத் தள்ளிக் குனிந்தார். ஓட்டத்தில் தலையோ கையோ முந்துவது கணக்கில் வராது, உடம்பின் நடுப்பகுதி கோட்டைத் தொட வேண்டும். நேரங்கள்: காலின்ஸ் 10.07, பிரவுன் 10.08, கேம்ப்பெல் 10.08, சேம்பர்ஸ் 10.08. நூறில் ஒரு விநாடி என்றால் அந்த வேகத்தில் ஒரு சாண்கூடக் கிடையாது.

போட்டி நடந்த ஸ்டாட் டி ஃபிரான்ஸ் அரங்கில் சுமார் எண்பதாயிரம் பேர் உட்காரலாம். செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தாலும் முப்பதாயிரம் இருக்கை காலியாகக் கிடந்திருக்கும்.

10.07 என்பது உலக சாம்பியனுக்கு மெதுவான நேரம் இல்லையா?

ஆமாம், மெதுவானதுதான். 1983-ல் நடந்த முதல் உலகப் போட்டியில் கார்ல் லூயிஸ் வென்றதும் இதே 10.07-ல்தான். அதற்குப் பிறகு நடந்தவற்றில் ஆண்கள் 100 மீட்டரை வென்றவர்கள் எல்லோரும் பத்து விநாடிக்குள் ஓடியிருந்தார்கள். ஆகவே 'வரலாற்றின் மெதுவான சாம்பியன்' என்ற பட்டத்தை லூயிஸும் காலின்ஸும் பாதிப் பாதி வைத்துக்கொள்ளலாம். லூயிஸை யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது வேறு கதை.

அப்படியென்றால் அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவரா?

இணையத்தில் காலின்ஸ் பெயர் வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். மான்செஸ்டரில் இருவர் காயம், பாரிஸில் கிரீன் காயம், 2011-ல் தென்கொரியாவின் டேகுவில் போல்ட் ஃபால்ஸ் ஸ்டார்ட். பட்டியல் போட்டுப் பார்த்தால் அதிர்ஷ்டக்காரர் போலத்தான் தெரியும்.

எனக்கு இது ஒப்பவில்லை. 2000 சிட்னி இறுதி, 2001-ல் வெண்கலம், 2002-ல் தங்கம், 2003-ல் தங்கம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் 10.00 ஓடி ஆறாவது, 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் வெண்கலம், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 200 மீட்டரில் ஆறாவது, 2011-ல் மறுபடி வெண்கலம். உள்ளரங்க 60 மீட்டரில் 2003-லும் 2008-லும் உலக வெள்ளி. அதிர்ஷ்டம் ஒரு ஆளை இத்தனை ஊருக்குத் தேடிப் போகுமா?

அவருடைய பலம் வேறு. உச்ச வேகத்தில் கிரீனுக்கோ பவலுக்கோ போல்ட்டுக்கோ அவர் ஈடு இல்லை. ஆனால் அவருடைய நல்ல நாளுக்கும் சுமாரான நாளுக்கும் இடையில் அதிக வித்தியாசம் இருக்காது. அப்போதெல்லாம் பெரிய போட்டியில் முதல் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று இரண்டு நாளில் நான்கு முறை ஓட வேண்டியிருந்தது. அதில் ஒரு முறை தசை இழுத்தாலோ, ஒரு முறை பதற்றத்தில் முன்கூட்டியே கிளம்பினாலோ கதை முடிந்தது. மற்றவர்கள் இப்படி ஒவ்வொருவராக உதிரும்போது காலின்ஸ் நான்காவது தடவையும் முதல் தடவை ஓடிய மாதிரியே வந்து நிற்பார். இதற்குப் பெயர் அதிர்ஷ்டம் என்றால் அந்த அதிர்ஷ்டத்துக்கு அவர் நிறையவே பயிற்சி எடுத்திருக்கிறார்.

பார்க்க ஒல்லியாக இருப்பாரே, அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி?

உயரம் சுமார் ஐந்தே முக்கால் அடி. தோளும் தொடையும் சாதாரண மனிதருடையவை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் 100 மீட்டர் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் குத்துச்சண்டைக்காரர்கள் மாதிரி இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் இவரைப் பார்த்தால் நெடுந்தூரம் ஓட வந்தவர் வழி தவறி நிற்பது போல இருக்கும். எடை தூக்கும் பயிற்சியில் அவருக்கு நாட்டமில்லை என்பதும் தடகள வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவரிடம் இருந்தது கிளம்பும் வேகம். முதல் 30 மீட்டரில் அவரைப் பிடிப்பது கஷ்டம். 60 மீட்டர் ஓட்டத்தில் இத்தனை பதக்கம் வந்ததும் அதனால்தான். அப்புறம் அந்த உடம்பு லேசானது என்பதால் தசைநாருக்கும் மூட்டுக்கும் சுமை குறைவு. அவர் இவ்வளவு காலம் நீடித்ததில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஒலிம்பிக் பதக்கம் வாங்கியிருக்கிறாரா?

இல்லை. 1996, 2000, 2004, 2008, 2016 என ஐந்து ஒலிம்பிக்கில் ஓடியும் பதக்கம் கிடைக்கவில்லை.

கூட ஓடியவர்களில் எத்தனை பேர் பின்னால் ஊக்கமருந்தில் சிக்கினார்கள்?

பாரிஸ் இறுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நான்காவது வந்த சேம்பர்ஸ் அந்த ஆண்டே டிஹெச்ஜி என்ற ஊக்கமருந்து வழக்கில் சிக்கினார், அவருடைய முடிவு நீக்கப்பட்டது. ஐந்தாவது வந்த மான்ட்கோமரி, வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த அமெரிக்காவின் பால்கோ ஆய்வக விவகாரத்தில் தண்டிக்கப்பட்டு, 9.78 என்ற உலக சாதனையையும் சேர்த்து இழந்தார். சேம்பர்ஸால் பிரிட்டனின் தொடர் ஓட்ட வெள்ளியும் போனது. 100 மீட்டரில் வெண்கலம் வென்ற கேம்ப்பெல், தான் எந்தத் தப்பும் செய்யாமல் தொடர் ஓட்டப் பதக்கத்தைப் பறிகொடுத்தார்.

எட்மன்டனில் தங்கம் வென்ற கென்டரிஸ் 2004-ல் சொந்த நாட்டு ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில் பரிசோதனைக்கு வராமல் போய்ப் போட்டியை விட்டே விலகினார். 2005-ல் ஹெல்சிங்கியில் காலின்ஸை வென்ற ஜஸ்டின் காட்லின் 2006-ல் சிக்கினார்.

இந்தப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டால் காலின்ஸின் பதக்கப் பட்டியல் எப்படி மாறியிருக்கும் என்று ரசிகர்கள் பொழுதுபோக்காகக் கணக்கிடுவது உண்டு. யார் எந்த நாளில் என்ன எடுத்திருந்தார்கள் என்பதற்கு நம்மிடம் சான்று இல்லாததால் நான் அந்த விளையாட்டுக்குப் போவதில்லை. ஆனால் பத்து விநாடிக்குக் கீழே ஓடாமல் ஒருவர் உலக சாம்பியன் ஆனதை மட்டமாகப் பேசுகிறவர்கள், அந்தக் காலத்தில் பத்துக்குக் கீழே ஓடியவர்களில் எத்தனை பேரின் நேரம் இன்று ஏட்டில் இருக்கிறது என்பதையும் பார்க்கலாம்.

2011-ல் 35 வயதில் எப்படிப் பதக்கம் வென்றார்?

2009 உலகப் போட்டிக்குப் பிறகு போதும் என்று ஒதுங்கினார். அந்த ஓய்வு நீடிக்கவில்லை, 2011-ல் திரும்பி வந்தார். தென்கொரியாவின் டேகு நகரில் உலகப் போட்டி. அதற்குள் விதி இன்னும் கடுமையாகியிருந்தது. 2010 முதல் எச்சரிக்கையே கிடையாது, முதல் தவறிலேயே வெளியே. இறுதிப் போட்டியில் அந்த விதியில் விழுந்தவர் உசைன் போல்ட். சட்டையைக் கழற்றிக்கொண்டு அவர் நடந்து போன காட்சியை உலகமே பார்த்தது.

மீண்டும் ஓடியபோது யோஹான் பிளேக் 9.92, வால்டர் டிக்ஸ் 10.08, காலின்ஸ் 10.09. வெண்கலம். பாரிஸ் நேரத்தைவிட நூறில் இரண்டு பங்கு விநாடிதான் அதிகம், எட்டு வருடம் கழித்து.

என்னைக் கேட்டால் அந்த வெண்கலத்தைவிடப் பெரிய விஷயம் சில நாள் கழித்து நடந்தது. 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஜேசன் ராஜர்ஸ், காலின்ஸ், ஆன்ட்வான் ஆடம்ஸ், பிரிஜேஷ் லாரன்ஸ் ஆகிய நான்கு பேர் 38.49 ஓடி மூன்றாவது வந்தார்கள். ஜமைக்கா 37.04 என்று உலக சாதனை, பிரான்ஸ் வெள்ளி, அடுத்து ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஒரு நாடு. அமெரிக்க வீரர் கீழே விழுந்ததால் வழி திறந்தது உண்மை. அதே சமயம், ஒரு நல்ல ஓட்டக்காரர் எங்கே வேண்டுமானாலும் பிறக்கலாம், நான்கு பேர் ஒரே காலத்தில் ஒரே குட்டித் தீவில் கிடைத்து, பேட்டனைக் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது சாதாரணமில்லை.

லண்டன் 2012-ல் ஏன் ஓடவில்லை?

வருத்தமான கதை. தொடக்க விழாவில் நாட்டின் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் காலின்ஸ். சில நாளில், 100 மீட்டர் முதல் சுற்றுக்கு முன்பே, அணியிலிருந்து நீக்கப்பட்டார். பயிற்சிக்கு ஒழுங்காக வரவில்லை, தொடர்புகொள்ள முடியவில்லை என்பது அதிகாரிகள் தரப்பு. ஒலிம்பிக் கிராமத்தை விட்டு ஹோட்டலில் மனைவியோடு தங்கியதுதான் குற்றம் என்பது அவர் தரப்பு. அவர் மனைவிதான் அவருடைய பயிற்சியாளரும். சிறையில் இருப்பவர்களைக்கூட மனைவி வந்து பார்க்க விடுகிறார்களே என்று ட்விட்டரில் எழுதினார். இனி நாட்டுக்காக ஓடப் போவதில்லை என்றும் சொன்னார்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. நட்சத்திரத்துக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்று வைத்தால் அணி நடக்காது. ஆனாலும் உலகப் பதக்கத்தோடு வந்த 36 வயதுக்காரரை, போட்டிக்குச் சற்று முன்னால் வீட்டுக்கு அனுப்புவதுதான் ஒரே வழியா? அந்த நாட்டிலும் அன்று இதே வாக்குவாதம்தான் நடந்தது.

கோபம் தணிந்தது. 2016 ரியோவில் மறுபடி அதே நாட்டின் உடையில் நின்றார்.

40 வயதில் 9.93 ஓடியது நிஜமா?

நிஜம். 2016 மே 29, ஜெர்மனியின் பாட்ரோப். பெரிய அரங்கமோ உலகப் போட்டியோ கிடையாது. நாற்பது வயது முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத காலின்ஸ் 9.93 ஓடினார். பின்காற்று விநாடிக்கு 1.9 மீட்டர். 2.0 வரை அனுமதி உண்டு, ஆகவே அந்த நேரம் கணக்கில் சேரும். நல்ல காற்று உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மலைக்க வைப்பது என்னவென்றால், அது நாற்பது வயதுக்காரர்களுக்கான சாதனை மட்டுமல்ல. அவர் வாழ்நாளிலேயே அதுதான் வேகமான ஓட்டம். 26 வயதில் 9.98, 37-ல் 9.97, 38-ல் 9.96, நாற்பதில் 9.93. 60 மீட்டரிலும் அதே கதை: வாழ்நாள் சிறந்த நேரமான 6.47-ஐ ஓடியது 2015-ல், 38 வயதில், போலந்தின் வூட்ச் நகரில்.

வழக்கமாக ஓட்டக்காரர்கள் இருபதுகளின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, முப்பதைத் தாண்டியதும் இறங்குவார்கள். வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் வயதோடு குறையும், தசைநார் விறைக்கும், ஒரு நாள் ஓடினால் தேற இரண்டு நாள் பிடிக்கும். இவர் இதை எப்படி ஏமாற்றினார் என்பதற்கு ஒற்றை வரி விடை இல்லை. கனமான எடைப் பயிற்சியைத் தவிர்த்தது, பெரிய காயம் இல்லாமல் தப்பித்தது, பிற்காலத்தில் 60 மீட்டருக்காகக் கிளம்பும் வேகத்தை மேலும் தீட்டியது, மனைவியே பயிற்சியாளராக இருந்ததால் உடம்பு எப்போது சொல்பேச்சு கேட்காது என்று பக்கத்திலிருந்தே தெரிந்தது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.

9.93 என்றால் எவ்வளவு வேகம் என்று ஒப்பிட வேண்டுமா? அதே ஆண்டு ரியோ இறுதியில் போல்ட், காட்லின், ஆன்ட்ரே டி கிராஸுக்குப் பின்னால் நான்காவது வந்த பிளேக்கின் நேரமும் 9.93 தான். காலின்ஸ் ரியோவில் அரையிறுதி வரை போனார், அங்கே 10.12.

அவருடைய நாடு அவருக்கு என்ன செய்தது?

ஆகஸ்ட் 25-ஐ கிம் காலின்ஸ் நாள் என்று அறிவித்தது. ஒரு நெடுஞ்சாலைக்கும், தேசிய தடகள அரங்குக்கும் அவர் பெயர். வாழும்போதே ஒருவர் பெயரில் அரங்கம் இருப்பது அபூர்வம்.

சின்னச் சின்னத் தீவுகளில் இவ்வளவு வேகமான ஓட்டக்காரர்கள் எப்படி வருகிறார்கள்?

மரபணு என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அது மட்டும்தான் என்றால் பெரிய நாடுகளுக்கு இன்னும் அதிகமாகக் கிடைத்திருக்க வேண்டும். அங்கே பள்ளி விளையாட்டு விழா என்பது ஊர்த் திருவிழா மாதிரி. 1972 முதல் தீவுகளுக்கு இடையில் இளையோருக்கான காரிஃப்டா போட்டி நடக்கிறது, ஆகவே பதினாறு வயதுப் பிள்ளை ஜமைக்காக்காரனோடும் பஹாமாஸ்காரனோடும் மோதிப் பழகிவிடுகிறது. திறமையானவரை அமெரிக்கக் கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போகின்றன. ஓட்டத்துக்குச் செலவும் குறைவு.

இன்னொன்று, முன்னால் ஒருவர் போயிருக்க வேண்டும். டிரினிடாடின் ஹேஸ்லி கிராஃபர்ட் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றார், அவரும் ஒன்றாம் லேனிலிருந்துதான். 2012-ல் கிரெனடாவின் கிரானி ஜேம்ஸ் 400 மீட்டர் தங்கம். 2024 ஆகஸ்ட் 3-ல் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் பெண்கள் 100 மீட்டரை 10.72-ல் வென்று தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். அதே மாலை டொமினிகாவின் தியா லாஃபாண்ட் மும்முறைத் தாண்டலில் தங்கம். இரண்டும் நடந்த அரங்கம் ஸ்டாட் டி ஃபிரான்ஸ்.

எந்த ஓட்டத்தை முதலில் பார்க்கலாம்?

எல்லோரும் பாரிஸ் 2003 இறுதியைச் சொல்வார்கள், அதைப் பாருங்கள். ஆனால் நடு லேன்களைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஓரத்து முதல் லேனிலேயே கண் இருக்கட்டும். அப்புறம் டேகு தொடர் ஓட்டம். காலின்ஸ் ஓடுவது இரண்டாவது கட்டம், எதிர்ப்பக்க நேர்பாதையில். கேமரா ஜமைக்காவையே துரத்துவதால் அவர் கொஞ்ச நேரமே தெரிவார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.